காலாவின் வாயைப் பார்த்த பிறகு

கடலூர் துறைமுக ஏலத்தில் அதற்குக் காலா என்று பெயர். பாண்டிச்சேரியில் சில உணவகங்களின் மெனு அட்டையில் அதே மீன் இந்தியன் சால்மன். மும்பைப் பக்கம் ராவஸ். எந்தப் பெயரில் கூப்பிட்டாலும் மீன் ஒன்றுதான். ஆனால் சால்மன் என்ற பெயரை நம்பி இரையும் முள்ளும் வாங்கியதில் எனக்கு இரண்டு மழைக்காலம் முழுசாகப் போனது. இன்னொருவருக்கு அப்படிப் போகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் மீனவக் குடும்பத்தில் பிறந்தவன் இல்லை. மஞ்சக்குப்பத்தில் வீடு, கணக்கு எழுதும் வேலை. சின்ன வயதில் கெடிலம் ஆற்றில் மண்புழு கோத்து ஜிலேபி பிடித்த பழக்கம் மட்டும் விடவில்லை. கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் பத்தடி ராடும் ஒரு ரீலும் வாங்கிக்கொண்டு தேவனாம்பட்டினம் மணலில் நிற்கத் தொடங்கினேன். கிழங்கான் வரும், கெளுத்தி வரும், எப்போதாவது பாரைக்குட்டி வரும். ஒரு நாள் விடியற்காலையில் தாழங்குடாவில், பெண்ணையாறு கடலோடு சேரும் இடத்தில், ஒருவர் கைத்தூண்டிலில் ஒரு காலாவை இழுத்துப் போட்டார். என் கை நீளத்துக்குக் கிட்டத்தட்ட இருக்கும். மணலில் புரளும்போது வெள்ளித் தகடு மாதிரி மின்னியது. அன்றிலிருந்து எனக்கு வேறு மீன் கண்ணில் படவில்லை.

காலா என்று தேடினால் குழம்பும் வறுவலும்தான் வந்தன. சால்மன் என்று தேடினால் அலாஸ்காவிலும் கனடாவிலும் பிடிக்கிறவர்களின் காணொளிகள் கொட்டின. ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து பார்த்தேன். சால்மன் சினையை உப்பும் வெண்காரமும் போட்டுப் பதப்படுத்தி, சின்ன வலைத்துணியில் முடிந்து, மிதவைக்குக் கீழே தொங்கவிடுகிறார்கள். பளபளக்கும் ஸ்பூன், சுழலும் ஸ்பின்னர் என்ற உலோகப் போலி இரைகள், இரட்டை முள்ளில் கோத்த ஹெர்ரிங் மீன் என்று விதவிதமாக இருந்தது. நானும் சினை மாதிரியே இருக்கும் ஆரஞ்சு மணிகள், ரப்பர் முட்டைகள், நாலு ஸ்பூன், கட்டித் தயாராக வரும் இரட்டை முள் எல்லாம் வரவழைத்தேன். தாழங்குடாவில் அந்த ஆரஞ்சு முட்டைகளை நண்டுகூடத் தொடவில்லை.

அதற்குக் காரணம் பிறகுதான் விளங்கியது. சால்மன் கடலில் தின்று வளர்ந்து, முட்டையிட ஆற்றுக்குள் ஏறும் மீன். ஆற்றுக்குள் வந்ததும் இரை தேடுவதை விட்டுவிடும். உடம்பில் சேர்த்த கொழுப்பை வைத்தே அத்தனை தூரமும் நீந்துகிறது. பசியில்லாத மீனைச் சீண்டிக் கடிக்க வைப்பதற்குத்தான் அந்த மினுக்கும், சுழற்சியும், சினைக் கொத்தும். காலா முகத்துவாரத்துக்கு வருவதே தின்பதற்கு. மடவைக்குஞ்சும் இறாலும் எங்கே போகிறதோ அங்கே பின்னாலேயே வருகிறது. அது எதைத் தின்ன வந்ததோ அதையே கொடுத்தால் போதும். அதைவிட்டு பல ஆயிரம் மைல் தள்ளி இருக்கும் வேறொரு மீனின் குணத்துக்கு ஏற்ற இரையை இங்கே போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டும் ஒரே குடும்பத்து மீன்கூட இல்லை.

இதை எனக்குப் புரிய வைத்தவர் அந்தக் கைத்தூண்டில்காரர்தான். ஐம்பதைத் தாண்டியவர், பெரிய படகுக்குப் போவதை விட்டுவிட்டு முகத்துவாரத்தில் மட்டும் பிடிப்பவர். மூன்று வாரம் நான் வெறும் கையோடு திரும்புவதைப் பார்த்துவிட்டு ஒரு நாள் கூப்பிட்டார்.

“தம்பி, நீ ஈயத்தையும் முள்ளையும் மாத்திக்கிட்டே இருக்க. மொதல்ல மீனோட வாயப் பாத்திருக்கியா?”

“இல்லண்ணே.”

அன்று அவர் பிடித்திருந்த காலாவை மடியில் மல்லாத்தி வைத்தார். மூக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும்படி இருந்தது. வாய் அதற்குக் கீழே, அடிப்பக்கமாகப் பிளந்திருந்தது. கண்ணின் மேல் ஒரு வழுவழுப்பான படலம், கண்புரை விழுந்தவர் கண்ணைப் போல. மார்புத் துடுப்புக்குக் கீழே இரண்டு பக்கமும் நாலு நாலு இழை, மீசை முடி மாதிரி. “இத வெச்சுத்தான் தடவிப் பாக்கும்” என்றார். அப்புறம் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து மீனின் வாய்க்குள் விட்டார். வெட்டும் பல் ஒன்றுகூட இல்லை. ஆனால் தாடை முழுக்க, உதட்டுக்கு வெளியே வரைக்கும், உப்புத்தாளைத் தொட்ட மாதிரி சொரசொரவென்று இருந்தது.

நான் செய்த எல்லாத் தவறுக்கும் விடை அந்த வாயிலேயே இருந்தது. வாய் கீழே இருக்கிற மீனுக்கு இரை தரையிலோ, தரைக்கு ஒரு சாண் மேலேயோ இருக்க வேண்டும். நான் மிதவையில் நடுத்தண்ணீரில் தொங்கவிட்டுக்கொண்டிருந்தேன். இழையால் தடவித் தேடும் மீன் கலங்கிய தண்ணீரில் தைரியமாக வரும். நான் தெளிந்த தண்ணீர் தேடி அலைந்தேன். வெட்டும் பல் இல்லை என்பதால், முள்ளுக்கு முன்னால் கட்டும் லீடர் என்ற துண்டு இரும்புக் கம்பியாக இருக்கத் தேவையில்லை. நான் வஞ்சிரத்துக்குக் கட்டுவது போலக் கம்பி கட்டியிருந்தேன், அந்த விறைப்பில் இரை கட்டை மாதிரி கிடந்தது.

இரையில் முதலிடம் உயிர் இறாலுக்குத்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உப்பனாற்றிலும் பெண்ணையாற்றிலும் வீச்சு வலை போடுகிறவர்களிடம் விடியும் முன்பே கேட்டு வைத்தால் ஒரு விரல் நீள வெள்ளை இறால் கிடைக்கும். மீன் தொட்டிக்குப் போடும் சின்ன பேட்டரி காற்று மோட்டார் ஒன்று வாளியில் இருந்தால் மூன்று நான்கு மணி நேரம் தாங்கும். ஆற்றுத் தண்ணீரில் பிடித்த இறாலைக் குழாய்த் தண்ணீரில் போட்டுவிடாதீர்கள், பிடித்த இடத்துத் தண்ணீரையே வாளியில் எடுத்துக்கொள்ளுங்கள். கோக்கும்போது தலையை வெளிச்சத்தில் காட்டிப் பாருங்கள். கொம்புக்குக் கீழே கருப்பாக ஒரு புள்ளி தெரியும். அதில் முள் பட்டால் இறால் அந்த நொடியே செத்துவிடும். கருப்புக்கு முன்னால், கொம்பின் அடியில் குறுக்காக முள்ளை ஏற்றினால் கால்களை அடித்துக்கொண்டே இருக்கும். காலாவை இழுப்பது அந்தத் துடிப்புதான். ஓட்டம் பலமாக இருந்தால் வால் பக்கம் கோப்பதும் உண்டு, ஆனால் வீசும்போது பிய்ந்து போகும்.

உயிர் இறால் கிடைக்காத நாள்தான் அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு போகாது, சந்தையில் கிடைப்பதெல்லாம் ஐஸில் பல நாள் கிடந்தது. அந்த இறால் முள்ளில் நிற்காது, தலை கழன்று விழும். இதற்கு நான் கண்ட வழி உப்பு. நல்ல இறால் கிடைக்கும்போதே தோலோடு ஒரு டப்பாவில் அடுக்கி, மரக்காணத்துக் கல் உப்பை இடையிடையே தூவி, ஒரு ராத்திரி வைத்தால் சதை ரப்பர் மாதிரி இறுகும். வடிந்த தண்ணீரைக் கொட்டிவிட்டு ஃப்ரீசரில் வைத்தால் மாதக்கணக்கில் வரும். மத்தித் துண்டுக்கும் இதே பக்குவம்தான். செத்த இறாலை வாலில் தொடங்கி உடம்பு நேராக இருக்கும்படி முள்ளில் ஏற்றி, மேலே பூக்கட்டும் நூலை நாலு சுற்றுச் சுற்றிவிடுவேன். இறால் வளைந்து இருந்தால் தண்ணீரில் பம்பரம் மாதிரி சுற்றி லீடரை முறுக்கிவிடும்.

உயிர் மடவைக்குஞ்சு இன்னொரு நல்ல இரை, பெரிய காலாவுக்கு அதுதான். மேலுதட்டில் மட்டும் முள்ளைக் குத்த வேண்டும். கணவாய் முள்ளில் நன்றாக நிற்கும், ஆனால் எனக்கு அதில் கெளுத்திதான் வந்தது. இதில் ஆளுக்கு ஆள் அனுபவம் மாறலாம்.

அடுத்தது ஈயம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இங்கே அலையில் நின்று வீசுவது ஒன்று, முகத்துவாரத்துக்கு உள்ளே ஓட்டத்தில் போடுவது ஒன்று. இரண்டுக்கும் ஒரே கட்டு ஆகாது.

உள்ளே போடும்போது ஓடும் ஈயம் கட்டுகிறேன். நடுவில் ஓட்டை உள்ள முட்டை ஈயம், 30 முதல் 40 கிராம், ரீலில் இருந்து வரும் நரம்பில் தாராளமாக ஓடும்படி கோத்துவிட வேண்டும். கீழே ஒரு சின்ன மணி, அதற்குக் கீழே ஸ்விவல், அதாவது நரம்பு முறுக்காமல் சுழலும் இணைப்பு வளையம். ஸ்விவலில் இருந்து இரண்டரை மூன்றடி லீடர், அதன் முனையில் முள். மீன் இரையை வாயில் வைத்து நகரும்போது நரம்பு ஈயத்துக்குள் ஓடும், கனம் தெரியாது. காலா இரையை உறிஞ்சி, பிடிக்கவில்லை என்றால் உடனே துப்பும். துப்ப இடம் கொடுக்காமல் இருக்க இந்தக் கட்டு உதவுகிறது. மணியை விட்டுவிடாதீர்கள். மணி இல்லாமல் ஈயம் போய் நேராக முடிச்சில் மோதி மோதி, ஒரு நல்ல மீனோடு ஸ்விவல் முடிச்சே அறுந்து போனது எனக்கு.

வெளியே அலையில் இந்தக் கட்டு உருண்டு கரைக்கே வந்துவிடும். அங்கே கடைசியில் ஈயம், அதற்கு ஒன்றரை அடி மேலே ஒரு கிளை, கிளையின் முனையில் முள். கிளை ஒரு சாண் அளவு போதும். ஈயம் கூம்பு வடிவத்தில் 80 முதல் 100 கிராம் இருந்தால் மணலைக் கவ்வி நிற்கும். முள் தரையைவிட்டு எழும்பி இருப்பதால் நண்டும் சீக்கிரம் கொறிக்காது. இரண்டு கிளை கட்டுகிறவர்கள் உண்டு. கிழங்கானுக்கு அது சரி. காலாவுக்கு ஒரு கிளை போதும், இரண்டாவது முள் மீனை மேலே தூக்கும்போது கையைக் கிழிக்கும்.

லீடருக்கு 50 நம்பர் தங்கூஸ், அதாவது அரை மில்லிமீட்டர் தடிமன். இதைவிட மெல்லியதாகப் போட்டால் அந்த உப்புத்தாள் வாய் தேய்த்தே அறுத்துவிடும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும், ஏன், ஒவ்வொரு கடிக்குப் பிறகும், முள்ளுக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்கு நரம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தடங்கினால் அந்த இடத்தை வெட்டிவிட்டு மறுபடி கட்டுங்கள். சோம்பல்பட்டு நான் விட்ட ஒரு மீனின் முதுகைத் தண்ணீருக்கு மேலே பார்த்தேன். அந்த அகலம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது.

முள் இறாலுக்கு 2/0 அல்லது 3/0, மடவைக்கு 4/0. இரண்டு வருடமாக நான் வட்ட முள்ளுக்கு மாறிவிட்டேன். சர்க்கிள் ஹூக் என்று கேட்டால் கடையில் கொடுப்பார்கள். அதன் நுனி உள்பக்கமாக வளைந்திருக்கும். இதில் பழக வேண்டிய ஒரே விஷயம், மீன் கடித்ததும் ராடை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. சும்மா ரீலைச் சுற்றிக்கொண்டே நரம்பை இறுக்கினால் முள் தானாக வாயின் ஓரத்தில் மாட்டும். வெடுக்கென்று இழுத்தால் வாயைவிட்டு நழுவி வெளியே வந்துவிடும். முள் தொண்டைக்குள் போகாததால் திருப்பி விடுகிற மீன் பிழைக்கும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சால்மன் பிடிக்க எதிர்முள், அதாவது முள் நுனிக்குக் கீழே பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்ன கொக்கி, இல்லாத தூண்டில்தான் போட வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதைப் படித்த பிறகு நானும் எதிர்முள்ளைக் குறடால் அமுக்கித் தட்டையாக்கிப் பார்த்தேன். நரம்பைத் தளரவிடாமல் சுற்றினால் மீன் தப்புவதில்லை.

சால்மன்காரர்களிடம் எடுத்துக்கொள்ளக்கூடியது இன்னொன்றும் உண்டு. ஹெர்ரிங் மீனின் தலையைச் செவுளுக்குப் பின்னால் சாய்வாக வெட்டிவிட்டு, ஒரே லீடரில் முன்னும் பின்னுமாகக் கட்டிய இரண்டு முள்ளில் கோத்து, படகில் இருந்து இறக்குவார்கள். அந்தச் சாய்வு வெட்டினால் தண்ணீர் தள்ளி, இரை அடிபட்ட மீன் மாதிரி உருளும். அலையில் வீசி ஓரிடத்தில் கிடக்கவிட்டால் இது ஒன்றுக்கும் ஆகாது, இழுவை இல்லாமல் உருளாது. ஆனால் வற்று நேரத்தில், அதாவது கடல் தண்ணீர் இறங்கும்போது, முகத்துவாரத்தின் ஓட்டம் வேகமாக வெளியே போகும்போது, ஹெர்ரிங்குக்குப் பதில் மத்தியை அதே சாய்வில் வெட்டி, சின்ன ஈயத்தோடு ஓட்டத்திலேயே நழுவவிட்டேன். மத்தி மெதுவாகப் புரண்டுகொண்டே போனது. மூன்றாவது நழுவலில் காலா அடித்தது. இரட்டை ஸ்விவல் போட்டால்தான் நரம்பு முறுக்காது. ஸ்பூனும் அந்த ஓட்டத்தில் மட்டும் வேலை செய்கிறது, அதுவும் தரையை ஒட்டி மெதுவாக இழுத்தால்.

இந்தக் கரையில் ஏற்றத்துக்கும் வற்றுக்கும் உள்ள உயர வித்தியாசம் அமாவாசை, பௌர்ணமியில்கூட ஒரு மீட்டர் அளவுதான். அதனால் மணலில் நின்று பார்த்தால் பெரிதாக எதுவும் தெரியாது. முகத்துவாரத்தின் குறுகிய வாயில்தான் அது ஓட்டமாகத் தெரியும். ஏற்றம் முடிந்து தண்ணீர் வெளியே திரும்பும் முதல் ஒன்றரை மணி நேரம் எனக்கு ராசியான நேரம். ஆற்றுக்குள் ஏறிய குஞ்சும் இறாலும் அப்போது வெளியே அடித்து வரும். வாய்க்கு வெளியே, கலங்கல் தண்ணீரும் கடல் பச்சையும் சேரும் கோடு ஒன்று தெரியும். கலங்கல் பக்கமாக அந்தக் கோட்டை ஒட்டிப் போடுங்கள்.

இடமும் நிலையாக இருக்காது. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி அருகே கரை கடந்தது. அடுத்த சில நாளில் சாத்தனூர் அணை திறந்து பெண்ணையாற்றில் பெருவெள்ளம் வந்து, கரையோர ஊர்களெல்லாம் தவித்தன. தண்ணீர் வடிந்து வெகு நாள் கழித்துப் போனபோது நான் வழக்கமாக நின்ற மணல் திட்டே இல்லை. வற்று நேரத்தில் நடந்து பார்த்து, ஆழம் எங்கே, திட்டு எங்கே என்று மறுபடி முதலில் இருந்து படிக்க வேண்டியிருந்தது. முகத்துவாரத்து மணல் விளிம்பில் நிற்காதீர்கள், அடியில் அரித்து மேலே மட்டும் நிற்கும். நான் எப்போதும் விளிம்பில் இருந்து பத்தடி உள்ளே நிற்பேன், தனியாகப் போவதும் இல்லை.

கெளுத்தி பற்றி ஒரு வார்த்தை. காலாவுக்குப் போட்ட இரையில் அதுதான் முதலில் வரும். ஒரு இருட்டுக் காலையில் டார்ச் எடுக்கச் சோம்பல்பட்டு முள்ளைக் கழற்றப் போய், அதன் பக்கத்துடுப்பு முள் கட்டை விரலில் ஏறியது. தோள்பட்டை வரை கடுகடுவென்று இழுத்தது. கைத்தூண்டில் அண்ணன் தூக்கிக்கொண்டு போய் டீக்கடையில் உட்கார வைத்து, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் வாங்கிக் கையை முக்கச் சொன்னார். ஆற ஆற மாற்றி அரை மணி நேரம் வைத்ததும் வலி இறங்கியது. சூட்டில் அந்த விஷம் வீரியம் இழக்கும். அன்றே டாக்டரிடம் போய் முள் நுனி உள்ளே தங்கவில்லை என்று பார்த்து, டெட்டனஸ் ஊசியும் போட்டுக்கொண்டேன். இப்போது பையில் நீள மூக்குக் குறடும் நெற்றி விளக்கும் இல்லாமல் வண்டியை எடுப்பதில்லை.

காலா முதலில் ஆணாக முதிர்ந்து, வளர வளரப் பெண்ணாக மாறும் மீன். குட்டியையே வாரி எடுத்தால் பெண்ணாகும் வரை ஒன்றும் மிஞ்சாது. பெரியதையே குறிவைத்தால் சினை போடுவது குறையும். அதனால் ஒரு நாளைக்கு நடுத்தர அளவில் ஒன்று, வீட்டுக் குழம்புக்கு, அவ்வளவுதான் என்று வைத்திருக்கிறேன். மற்றதைத் தண்ணீரிலேயே வைத்து முள்ளைக் கழற்றி விடுகிறேன். அறுந்த தங்கூஸை ஒரு முழம்கூட மணலில் விடக் கூடாது என்பதிலும் பிடிவாதமாக இருக்கிறேன். ஜனவரியில் இருந்து பங்குனி ஆமைகள் இதே மணலில்தான் முட்டையிட ஏறுகின்றன. காலில் நரம்பு சுற்றிய ஒரு கடற்காகத்தைப் பிடித்து வெட்டி விட்டிருக்கிறேன், அதன் கால் கறுத்துப் போயிருந்தது.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அடுத்த நாளைக்கான லீடர்களைக் கட்டி வைத்துவிடுவேன். இருட்டில் அலைச்சத்தத்தில் கட்டும் முடிச்சை நான் நம்புவதில்லை. ஆறு லீடர், ஆறும் 50 நம்பர். முடிச்சை எச்சிலால் நனைத்து மெதுவாக இறுக்க வேண்டும், காய்ந்த முடிச்சு சூட்டில் நரம்பைக் கெடுக்கும். பழைய ரப்பர் செருப்பை வெட்டி, முள்ளை ஒரு முனையில் குத்தி, நரம்பைச் சுற்றி, மறுமுனையில் கீறிய வெட்டில் செருகிவிடுவேன். இப்போது என் மகள்தான் சுற்றுகிறாள். இறாலுக்கானதை நீலச் செருப்பிலும் மடவைக்கானதைச் சிவப்புச் செருப்பிலும் பிரித்து வைக்கிறாள், டார்ச் வெளிச்சத்தில் எடுக்க அது ரொம்ப வசதியாக இருக்கிறது.